வீட்டுத் தையல் மூலையை ஒழுங்குபடுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலின் ஓரத்திலோ படுக்கையறை ஜன்னலடியிலோ ஒரு மிஷினைப் போட்டு, அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனி அறை, சுவர் முழுக்க அலமாரி, சக்கரம் வைத்த மேஜை என்றெல்லாம் வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சிய இடத்தில் தைப்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. என்னிடம் தையல் பழக வருகிற பெண்கள் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை.

பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, மிஷினைச் சுற்றி இருக்கும் துணி மொத்தத்தையும் அதில் கொட்டுங்கள். நூல், ஊக்கு, கத்தரிக்கோல் பக்கம் இப்போது போகவே வேண்டாம். முதல் வேலை, ஊரார் துணியையும் உங்கள் துணியையும் பிரிப்பது.

பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். குவியலில் பெரும்பங்கு உங்கள் பொருளே கிடையாது. வெட்டி வைத்துத் தைக்காத ஜாக்கெட், ஊக்கு மட்டும் வைக்க வேண்டிய ஜாக்கெட், லைனிங் நிறம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவரின் பட்டு, ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்த சேலை, கையை மட்டும் கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்ன சுடிதார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இடத்தில் நின்றுபோன வேலை. இடம் போதவில்லை என்று நாம் புலம்புவதில் பாதிக்கு மேல் இந்த நின்றுபோன வேலைதான். அதை நகர்த்தாமல் அலமாரியை மட்டும் பெரிதாக்கினால், பெரிய அலமாரியும் நிரம்பும்.

ஆகவே ஊரார் துணி ஒவ்வொன்றையும் எடுத்து, "இது எதற்காக நிற்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதிக் குத்துங்கள். "நூல் வாங்க வேண்டும்", "கழுத்து டிசைன் கேட்க வேண்டும்", "ஹெம்மிங் பாக்கி". அன்றைக்கே ஐந்தாறு பேருக்கு போன் போட்டால் குவியலின் உயரம் சட்டென்று குறையும்.

முதலில் நல்ல டப்பாக்கள், கூடைகள் வாங்கிவிடலாமா?

வேண்டாம். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் டப்பா, அடைசலில் இன்னொரு பொருளாகச் சேரும். கடைசியில் வாங்குங்கள். பெரும்பாலும் வாங்கத் தேவையே இருக்காது.

ஆர்டர் துணிகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. ஒருவர் லைனிங் இன்னொருவர் பையில் கிடக்கிறது. என்ன வழி?

மஞ்சப்பை. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்தவை எல்லார் வீட்டிலும் மடித்துக் கிடக்கின்றன. 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கிய பிறகு அது ஊரெல்லாம் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு ஆளுக்கு ஒரு பை. அவருடைய ஜாக்கெட் பிட், லைனிங், அளவு ஜாக்கெட், அவர் வாங்கிக் கொடுத்த லேஸ், தொங்கல் எல்லாம் அந்தப் பைக்குள்ளேயே. வெட்டும்போது வெளியே எடுத்த துணி, வெட்டி முடித்ததும் துண்டு துணுக்கோடு அதே பைக்குள் திரும்ப வேண்டும். மிஷின் மேல் ஒரு நேரத்தில் ஒரு பைதான்.

துணிப்பையின் ஒரே தொல்லை, உள்ளே இருப்பது தெரியாது. அதற்கு ஒரு கைவேலை இருக்கிறது. துணி வந்ததும் அதன் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணுக்கு வெட்டி, பெயரும் கொடுக்க வேண்டிய தேதியும் எழுதிய சீட்டோடு சேர்த்து, பையின் கைப்பிடிக்குக் கீழே வெளிப்பக்கம் குண்டூசி குத்திவிடுங்கள். நூல் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தத் துணுக்கைக் கழற்றி எடுத்துப் போனால் போதும். முழுத் துணியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். துணியே இழுபறியாக வந்திருந்தால் வெட்டாதீர்கள், சீட்டில் நிறத்தை எழுதுங்கள்.

பைகளைத் தொங்கவிட சுவரில் நான்கு ஆணி. முதல் ஆணியில் வெட்ட வேண்டியவை, அடுத்ததில் வெட்டியாகிவிட்டவை, மூன்றாவதில் ஊக்கு, ஹெம்மிங் போன்ற கைவேலை பாக்கி, கடைசி ஆணியில் இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டியவை. பை இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே போகும். எந்த ஆணி கனக்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை தேங்குகிறது. நான் பார்த்த வரையில் பலருக்கும் கனப்பது மூன்றாவது ஆணி. தைப்பது எல்லாருக்கும் பிடிக்கும், ஊக்கு வைக்க யாருக்கும் பிடிக்காது. தெருவில் கைவேலைக்கு ஆள் கிடைத்தால் ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று பேசி அந்த ஆணியை வாரம் ஒரு முறை காலி செய்துவிடுங்கள்.

அளவு ஜாக்கெட்டுகள் ஒரு மூட்டையே சேர்ந்துவிட்டன. யாருடையது எது என்றே மறந்துபோனது.

ஒரு நீள நோட்டு போடுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். முழு உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கை சுற்றளவு, அக்குள் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. இவற்றை அளவு ஜாக்கெட்டிலிருந்து எடுத்து எழுதித் தேதி போட்டுவிட்டால், தைத்ததைக் கொடுக்கும்போதே அளவு ஜாக்கெட்டும் திரும்பிப் போய்விடலாம். "உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா, அடுத்த தடவைக்கு ஆகும்" என்பார்கள். வாங்கி வைக்காதீர்கள். அடுத்த தடவை அவர் உடம்பு கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருப்பார். பழைய அளவில் தைத்தால் பழி உங்கள் மேல்.

இப்போது இருக்கும் மூட்டைக்கு: ஒவ்வொன்றையும் தரையில் விரித்து போட்டோ எடுத்து, வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் "இது உங்களுடையதா?" என்று அனுப்புங்கள். சொந்த ஜாக்கெட்டை அடையாளம் தெரியாத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆர்டரில் மிஞ்சும் துணியை வைத்துக்கொள்ளலாமா?

அது அவர்கள் துணி. தைத்த ஜாக்கெட்டோடு மடித்து வைத்துக் கொடுத்துவிடுங்கள், சின்னத் துண்டாக இருந்தாலும். தையல்காரர் துணியை மிச்சம் பிடிப்பார் என்ற சந்தேகம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மீதியைத் திருப்பிக் கொடுப்பவர் மேல் வரும் நம்பிக்கையைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. உங்கள் வீட்டு அடைசலும் குறையும். "நீயே வச்சுக்கோம்மா" என்று அவர்களாகச் சொன்னால் அப்போது அது உங்கள் ஒட்டுத்துணிப் பெட்டிக்குப் போகட்டும்.

அந்த ஒட்டுத்துணிதான் பெரிய பிரச்சினை. மூன்று சாக்கு நிறைய இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை.

மனசில்லாதது நியாயம்தான். ஆனால் மூன்று சாக்கையும் ஒரே மாதிரி மதிப்பதால்தான் நல்ல துண்டும் வீணாகிறது. பிரியுங்கள், ஆனால் நிறவாரியாக வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். துணியின் தன்மைவாரியாகப் பிரியுங்கள். பருத்தி தனி, பட்டு தனி, பாலியஸ்டர், ஜார்ஜெட் வகையறா தனி. ஒட்டுப்போட்டுத் தைக்கும்போது இவை கலந்தால், முதல் சலவையில் பருத்தி சுருங்கும், பக்கத்துப் பாலியஸ்டர் சுருங்காது, தையல் இழுத்து மேடு தட்டும்.

அடுத்து அளவு. ஐந்து அங்குலச் சதுரம் வெட்ட முடிகிற எதுவும் வைத்துக்கொள்ளத்தக்கது. தலையணை உறை, பை, குழந்தைப் போர்வை எல்லாவற்றுக்கும் அந்த அளவு போதும். சதுரமாகவே வெட்டி அடுக்கிவிடுங்கள், சாக்கில் அடைத்ததைவிட இடம் மிக மிகக் குறைவாகப் பிடிக்கும். நீளவாக்கில் மிஞ்சியவற்றை இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டிச் சுருட்டுங்கள். மூலைவாட்டில், அதாவது கிராஸில் மிஞ்சியது பைப்பிங்குக்கு ஆகும். அதைத் தனியாக ஒரு உறையில். ஜரிகைக் கரை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எறியாதீர்கள். கைக்கோ கழுத்துக்கோ வைத்துத் தைக்கச் சொல்லி யாராவது கட்டாயம் வருவார்கள்.

சுங்குடி, கருஞ்சிவப்பு, கருநீலம் போன்றவற்றைப் போர்வைக்கு எடுக்குமுன் வெள்ளைக் கிண்ணத்தில் தனியாக ஊறவைத்துப் பாருங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினால் வெள்ளைத் துண்டுகளோடு சேர்க்காதீர்கள்.

ஒழுங்காகச் சதுரம் வெட்டும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. வட கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டப் பக்கம் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், "கவந்தி" என்ற போர்வை தைக்கிறார்கள். அடியில் ஒரு சேலையை விரித்து, பழந்துணித் துண்டுகளைக் கிடைத்த வடிவத்திலேயே அதன் மேல் வைத்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றியபடி நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். முன்கூட்டி வெட்டிய அளவு கிடையாது, வரைந்த டிசைன் கிடையாது, எல்லாம் கைத்தையல். முடிவில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துச் சின்னச் சின்னப் பூ போல வைப்பார்கள். அதற்கு "பூலா" என்று பெயர். கோணல்மாணலான பருத்தித் துண்டுகள் நிறைய இருந்தால் இந்த முறையில் ஒரு குழந்தைப் போர்வை தைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்புக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி தெரியும்.

உள்ளங்கையைவிடச் சின்னத் துண்டும் நூல் பிசிரும்? பருத்தியானால் பக்கத்து டூவீலர் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். கை துடைக்கவும் எண்ணெய் துடைக்கவும் பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அவர்கள். பாலியஸ்டர் துணுக்கு துடைக்கச் சரிப்படாது, அதைக் கொடுக்க வேண்டாம். அது குப்பைதான், குப்பை என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

நூல், ஊக்கு, பட்டன், பாபின் இவற்றை எப்படி வைப்பது?

ஊக்கு, பட்டனுக்குப் பழைய அஞ்சறைப்பெட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒரு கிண்ணத்தில் ஊக்கு, ஒன்றில் வளையம், ஒன்றில் பிரஸ் பட்டன் என்று போடுங்கள். ஒரே மூடி, திறந்தால் எல்லாம் கண்ணில் படும். மஞ்சள் வாசம் மட்டும் சுத்தமாகப் போயிருக்க வேண்டும். வெள்ளை ஜாக்கெட்டில் மஞ்சள் கறை பட்டால் தீராது.

நூலுக்குப் பலகையில் வரிசையாக ஆணி அடித்துச் செருகுவது எல்லாரும் செய்வது. நல்ல வழிதான், நேர்வெயில் படாத சுவராக இருந்தால். வெயில் பட்ட நூல் வெளுக்கும், இற்றும் போகும். பழைய நூற்கண்டை எடுத்தால் ஒரு முழம் பிரித்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். சுலபமாக அறுந்தால் மிஷினில் போடாதீர்கள், டேக்கிங்குக்கு, அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையலுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக்குக்கும் இதே சோதனை: இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும்.

பாபினில் மிஞ்சிய நூலை அதே நிறக் கண்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். எல்லா பாபினும் ஒரே டப்பாவில் உருண்டால் நூல் பின்னிக்கொண்டு, சிக்கெடுக்கவே அரை மணி நேரம் போகும்.

ஊசிப் பாக்கெட்டுகள் கலந்துவிட்டன. எதை எதற்கு என்று தெரியவில்லை.

வீட்டு மிஷின் ஊசியின் தடித்த மேல்பாகம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மிஷின் ஊசி முழுக்க உருண்டை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது, எனவே முதலில் அதைப் பிரியுங்கள். நம்பர் ஊசியின் மேல்பாகத்திலேயே பொறித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 11 மெல்லிய பட்டு, ஷிஃபானுக்கு. 14 சாதாரணப் பருத்தி ஜாக்கெட்டுக்கு. 16 கொஞ்சம் தடித்த துணிக்கு. 18 ஜீன்ஸ், பைக்கு. முனை மழுங்கியது என்று சந்தேகம் வந்தால் நகத்தின் மேல் மெல்ல இழுங்கள், கீறினால் அந்த ஊசி துணியையும் இழுக்கும்.

உடைந்த ஊசி நேரே குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. குப்பை அள்ளுகிறவர் கையில் ஏறும். மூடியுள்ள மாத்திரைப் பாட்டில் ஒன்றில் சேர்த்து, நிரம்பியதும் மூடியை டேப் சுற்றி ஒட்டிப் போடுங்கள்.

துணி வெட்ட இடமே இல்லை. தரையில் குனிந்து வெட்டி இடுப்பு வலி.

பிளைவுட் கடையில் எட்டுக்கு நான்கடிப் பலகை வரும். அதில் நான்குக்கு மூன்றடி வெட்டித் தரச் சொல்லி, ஓரத்தைத் தேய்த்து, மேலே பழைய பருத்திப் போர்வையை இழுத்துக் கட்டிவிடுங்கள். துணி வழுக்காது. வேலை இல்லாத நேரம் பீரோவுக்குப் பின்னால் நிற்க வைக்கலாம். நின்று வெட்ட 36 அங்குல உயரம் வசதி. உயரமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அடுப்படி மேடை பெரும்பாலும் அந்த உயரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் என்பதால், மத்தியானச் சமையல் முடிந்து ஈரம் துடைத்த பிறகு பலகையை அங்கேயே போட்டு வெட்டுகிறவர்களும் உண்டு. பட்டுத் துணியை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மிஷினை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது?

ஊசி மிஷினின் இடது முனையில் இருக்கிறது, தைத்த துணியும் இடது பக்கம்தான் சேரும். ஆகவே இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது இதன் அருமை தெரியும். வெளிச்சம் இடது முன்பக்கத்திலிருந்து வந்தால் ஊசியடியில் கை நிழல் விழாது.

பழைய கால் மிஷின் ஒன்று, அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்தது ஒன்று. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

இரண்டும் தினமும் ஓடுகிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் அடர்நிற நூல், மற்றதில் வெளிர்நிறம் என்று போட்டால் நூல் மாற்றும் நேரம் மிச்சம். ஒன்று மட்டும் ஓடுகிறதென்றால், மற்றது ஏற்கனவே துணி குவிக்கும் மேஜையாகிவிட்டது. தையல் பழகும் பெண் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மிஷின் சத்தம் போடுகிறது. எண்ணெய் எங்கே, எவ்வளவு?

ஒழுங்குபடுத்தும் நாளில் இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஊசித்தட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் நூல் தூசு கெட்டியாகக் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் வழித்தெடுங்கள். வாயால் ஊதினால் தூசு உள்ளேதான் போகும், எச்சில் ஈரமும் படும். பாபின் கேஸைக் கழற்றி அதன் மடிப்பில் சிக்கிய நூலையும் எடுங்கள். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. நாளானால் பிசினாக இறுகும், குளிர்ந்தால் உறையும். எண்ணெய் விட்ட பின் வேண்டாத துணியில் சிறிது நேரம் ஓட்டி, கறை வராது என்று பார்த்த பிறகே கஸ்டமர் துணியைத் தொடுங்கள்.

பட்டுத் துணிகளை எப்படிப் பாதுகாப்பது? ராமபாணப் பூச்சி வருகிறது.

பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். வாடை வேறு விடாது. காய்ந்த வேப்பிலையோ ஒரு துண்டு வசம்போ துணியில் முடிந்து மூலையில் போடலாம். ராமபாணத்துக்குப் பிடித்தது கஞ்சியும் காகிதமும். கஞ்சி போட்ட துணி, கேன்வாஸ், பிரவுன் பேப்பரில் வெட்டிய பேட்டர்ன் மூன்றையும் தரையை விட்டு உயர்த்துங்கள். பேட்டர்னில் ஓட்டை போட்டு, அளவு எழுதி, ஆணியில் மாட்டினாலே பாதித் தொல்லை போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊசியும் குண்டூசியும் துருப்பிடிக்கும். துருப்பிடித்த குண்டூசி பட்டில் விடும் புள்ளி போகவே போகாது. மழைக்கு முன் பார்த்து எறிந்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்ய எந்த மாதம் தோது?

ஆடி முதல் பாதி. முகூர்த்தம் இல்லை, ஆர்டர் குறைவு. ஆடித் தள்ளுபடியில் வாங்கிய துணியெல்லாம் ஆவணிக் கல்யாணங்களுக்காக வந்து குவிவதற்குள் முடித்துவிடலாம். மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, ஆனால் பொங்கல் துணி கழுத்தை நெரிக்கும். ஆயுத பூஜைக்கு எல்லாரும் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அது தீபாவளி நெருக்கடியின் நடுவில் வருவதால் துடைக்க மட்டும்தான் நேரம் இருக்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு. குண்டூசியை எப்படிச் சமாளிப்பது?

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி, தினமும் மிஷினை மூடுமுன் தரையில் ஒரு சுற்று இழுங்கள். கத்தரிக்கோலுக்கு நிரந்தரமாக உயரமான ஆணி ஒன்று. துணிக் கத்தரிக்கோலில் சிவப்பு நாடா கட்டிவிட்டால், பால் பாக்கெட் வெட்ட யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கத்தான் செய்வார்கள், ஆனால் மாட்டிக்கொள்வார்கள்.

தைத்துவைத்து மாதக்கணக்கில் வாங்காமல் விட்ட துணிகளை என்ன செய்வது?

விற்கவும் முடியாது, வெட்டவும் முடியாது, அதனால் அவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியில் பெயர்ச் சீட்டோடு அடுக்கிப் பரணில் ஏற்றுங்கள். பெட்டியின் மூடிக்குள் பட்டியல் ஒன்று ஒட்டுங்கள்: பெயர், என்ன துணி, பாக்கித் தொகை. தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் எல்லாருக்கும் ஒரு போன். இனிமேல் வரும் ஆர்டருக்குப் பாதிக் கூலியை முன்பணமாக வாங்குங்கள். பணம் கொடுத்தவர் மறப்பது அபூர்வம். எத்தனை மாதம் வரை வைத்திருப்பீர்கள் என்பதைத் துணி வாங்கும்போதே வாயால் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.